போர்வையின் நாலாவது மூலை

காஞ்சிபுரத்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு போர்வை தைக்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். முதலில் சிரித்தவர் என் கணவர். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற புதிதில், பொழுது போகாமல் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தபோது, துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கும் வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள். நான் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்குமா இது? போர்வ இல்லாமலே வேர்த்துக் கொட்டுது" என்றார். அதற்காகவே தைக்க ஆரம்பித்தேன். எனக்கு அப்படி ஒரு சுபாவம். ஒன்றைச் செய்யாதே என்று யாராவது சொல்லிவிட்டால் அதைச் செய்து முடிக்கிறவரை நிம்மதி இருக்காது.

துணிக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். தெருமுனையில் ரவிக்கை தைக்கும் அம்மாவிடம் பட்டு வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, சிலதில் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை. குப்பையில் போடவும் மனசு வராமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் அவள் தவித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதுதான் தாமதம், "எட்துக்கினு போம்மா, புண்ணியமாப் போவும்" என்று ஒரு பை நிறையத் திணித்துக் கொடுத்தாள்.

ஒட்டுப்போர்வைக்கு மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த முகம், நடுவில் மெத்தென்று ஏதாவது, அடியில் ஒரு முழுத் துணி. நம் ஊரில் நடுவில் பஞ்சு வைத்தால் மனிதர் வெந்துபோவார் என்பதால் நான் பழைய வேட்டியைத்தான் வைப்பேன். மூன்றையும் கூடத்துத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நகராமல் பிடித்துக்கொண்டு நூலோட்ட வேண்டும். ஒற்றை ஆளாகச் செய்தால் திண்டாட்டம்தான். இந்த மூலையை இழுத்தால் எதிர்மூலை கிளம்பி வந்துவிடும். அதனால் ஒரு மூலையில் இஸ்திரிப்பெட்டி, ஒரு மூலையில் அரிசி டின், ஒரு மூலையில் தண்ணீர்க் குடம். நாலாவது மூலையில் அவர். செய்தித்தாளோடு வந்து சம்மணம் போட்டு உட்காருவார். நான் ஊசியில் நூல் கோத்து முடிப்பதற்குள் புலம்பல் ஆரம்பித்துவிடும்.

"நான் இன்னா உனுக்குக் கொழவிக்கல்லா? மூலைல உக்கார வெச்சிட்ட?"

"கொழவிக்கல்லு பேசாது. அசையாம உக்காருங்க."

தைத்து முடித்த போர்வையை மடிப்பதும் இரண்டு பேர் வேலைதான். இரண்டு முனை அவர் கையில், இரண்டு முனை என் கையில். ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவோம். தன் கையிலிருக்கும் முனைகளை என் கையில் சேர்க்கும்போது, ஏதோ பத்திரப்பதிவு அலுவலகத்தில் நிற்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இந்தா, உன் சொத்து" என்பார். ஒவ்வொரு போர்வைக்கும் இதே நாடகம். எனக்கு அலுத்ததே இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேருக்கு எத்தனை போர்வை வேண்டும்? ஓரிக்கை போகும் வழியில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, அங்கே கொடுக்கலாம் என்று சொன்னவர் அவர்தான். "வயசானவங்களுக்கு ஃபேன் காத்தே குளுரும்மா" என்றார். மடியில் போர்வையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைக்கு ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாம் அந்தப் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார். மார்பை என்னவோ செய்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

உறவுக்காரர்கள் வந்தார்கள், இருந்தார்கள், ஊருக்குப் போனார்கள். அதன் பிறகு இந்த வீட்டில் சத்தம் என்றால் குக்கர் விசில்தான். எதிர்வீட்டில் தறி ஓடும். கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும், கரை நூலைக் கொண்டுபோகும் நாடாவை அந்தப் பக்கத்திலிருந்து தள்ளுவதற்கு ஒரு ஆள். புருஷன் இந்தப் பக்கம், பெண்சாதி அந்தப் பக்கம். நாள் முழுக்கச் சண்டை. "நாடாவத் தள்ளுறியா தூங்குறியா?" என்று அவன் கத்துவான். "உன் மூஞ்சியப் பாத்துக்கினே இருந்தா தூக்கம்தான் வரும்" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். முன்பெல்லாம் இதைக் கேட்டு நானும் அவரும் சிரித்திருக்கிறோம். இப்போது கேட்டால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படியே சொல்கிறேன், வயிறு எரிந்தது.

மறுபடி தைக்க உட்கார்ந்த அன்றைக்கு மூன்று மூலைகளிலும் வைக்க வேண்டியதை வைத்துவிட்டு நாலாவது மூலைக்கு வீடு முழுக்கத் தேடினேன். மிக்ஸி வந்ததிலிருந்து கொல்லையில் குழவிக்கல் சும்மா கிடந்தது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தேன். அசையவே இல்லை. அதற்கு எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஆனாலும் தைத்தேன். முடித்த போர்வையை மோவாயில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கக் கற்றுக்கொண்டேன், கோணல்மாணலாகத்தான் வரும். எதற்காக விடாமல் தைத்தேன் என்று கேட்டால் ஒரே காரணம்தான். என் கையால் தைத்ததை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த இல்லத்தில் யாரோ தூங்குகிறார்கள். அந்த அரக்குப் போர்வை ஒரு குள்ளமான அம்மாவிடம் இருக்கும், பச்சை ஒரு மீசைக்காரத் தாத்தாவிடம் இருக்கும் என்று நானே ஆள் பொருத்தி வைத்திருந்தேன். ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது விடிந்து பொழுது போன நாட்களில் எனக்கு வேறு துணை கிடையாது.

கொண்டுபோய்க் கொடுக்கும்போது இல்லத்தின் பொறுப்பாளர் முன்னறையிலேயே உட்கார வைத்து டீ கொடுப்பார். நல்ல மனிதர். "எல்லாரும் ரொம்ப சந்தோஷப்படறாங்கமா" என்பார். உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், "எல்லாரும் தூங்கற நேரம்மா" என்பார். தூங்குகிறார்கள் என்ற சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது, சந்தோஷமாக எழுந்து வந்துவிடுவேன்.

கடந்த கோடையில் இல்லத்தின் ஆண்டு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முற்றத்தில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் இல்லத்துக்காரர்கள். நான் முன்பக்கம் ஓரமாக. சிறப்பு விருந்தினர் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வேர்த்து வழிந்தபடி மேடையில் இருந்தார். "நமது சிறப்பு விருந்தினருக்கு இல்லத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தி..." என்று மைக்கில் சொன்னார்கள். பொறுப்பாளர் ஒரு தட்டிலிருந்து எதையோ எடுத்துப் பிரித்தார். அதில் மூன்றாவது தையல் வரிசையில் ஒரு கிளிப்பச்சைத் துண்டுத் துணியின் ஜரிகை தலைகீழாக இருந்தது. அதைத் தைத்துவிட்டுப் பிரிக்கச் சோம்பல்பட்டு விட்டவள் நான்தான்.

என் போர்வையைத்தான் அந்த அக்கினி வெயிலில் அந்த மனிதரின் தோளில் சுற்றினார்கள். மூன்று அடுக்கு. பாவம், கல்யாண மாப்பிள்ளைக்குக் கம்பளி போர்த்தினது மாதிரி நின்றார். புகைப்படம் எடுத்து முடித்ததும் அவருடைய உதவியாளர் அதைச் சுருட்டிக் கார் பின்சீட்டில் எறிந்தான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இதை என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்த உடனேயே சிரிப்பு நின்றுவிட்டது.

விழா முடிந்ததும் பொறுப்பாளரைப் பிடித்துக்கொண்டேன். "மத்ததெல்லாம் எங்கே?" அவர் கொஞ்சமும் தயங்கவில்லை, பெருமையாக என்னை அழைத்துப் போய் இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். ஏறக்குறைய அத்தனையும் அங்கே இருந்தன. பிளாஸ்டிக் உறை போட்டு, இடையில் ரசகற்பூர உருண்டை வைத்து, நான் மோவாயில் மடித்த கோணல்மாணல் மடிப்பு கலையாமல். பக்கத்து அறையில் கட்டில்களில் முள்முள்ளாகக் குத்தும் சாம்பல் நிறக் கம்பளிகள் கிடந்தன.

"ஏன் யாருக்கும் குடுக்கல?"

"இன்னாமா இப்டி கேக்கறீங்க? பட்டுமா இது! சில பேரு படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிடறாங்க. பட்டு மேல அது பட்டா பாவமில்லையா? கால்தான் படலாமா? அதான் நல்ல காரியத்துக்குன்னு பத்தரமா எட்து வெச்சிருக்குது. ஒண்ணு அம்மனுக்குக்கூட சாத்தினோம்."

அவரைத் திட்டத்தான் வந்தது, பீரோ கதவைச் சாத்தினேன். அவர் சொன்னது இந்த ஊரின் நியாயம். இங்கே பட்டு சாமிக்கு, கல்யாணத்துக்கு, வியாபாரத்துக்கு. தறி இருக்கும் இடத்துக்குச் செருப்போடு போக மாட்டார்கள், நூல் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வெள்ளைக்காரியின் வீடியோவைப் பார்த்துப் பட்டில் படுக்கைப் போர்வை தைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்து ஊசிப்பெட்டியை மூடியவள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. குள்ளமான அம்மாவும் இல்லை, மீசைக்காரத் தாத்தாவும் இல்லை. இத்தனை நாளும் பீரோவோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவர் போனபோது இருந்த தனிமையைவிட இது மோசமாக இருந்தது. அப்போது என்னிடம் ஒரு கற்பனையாவது மிச்சம் இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது துணி அலமாரியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். என் புடவைகளுக்கு அடியில் அவருடைய லுங்கிகள் இருந்தன. காரியம் முடிந்ததும் அவர் துணிகளைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். சட்டை, வேட்டி எல்லாம் கொடுத்தேன், இவற்றை மட்டும் ஒளித்து வைத்திருந்தேன். நீலக் கட்டம், பச்சைக் கட்டம், தோய்த்துத் தோய்த்து நைந்து பூ மாதிரி ஆகிவிட்ட பருத்தி. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. லுங்கியைப் பொன்னாடை என்று சொல்லி ஒரு பிரமுகரின் தோளில் போர்த்தும் துணிச்சல் இந்த மாவட்டத்தில் யாருக்கும் கிடையாது.

கத்திரிக்கோலை எடுத்தேன். முதல் லுங்கியை வெட்டியதும் அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள் மீண்டும் உட்கார்ந்தேன். இடையிடையே என்னுடைய பழைய நைட்டித் துண்டுகள். குழவிக்கல் நாலாவது மூலையில். கட்டமும் பூவுமாக, பார்க்கச் சகிக்காத ஒரு போர்வை உருவானது. கொண்டுபோய்க் கொடுத்தபோது பொறுப்பாளரின் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் லுங்கி. எறந்தவர் துணின்னு யோசிச்சீங்கன்னா குடுத்துடுங்க, எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பணிப்பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்லா மெத்துமெத்துன்னு இருக்குதும்மா. குடு" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் பீரோவைத் திறந்து காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. மார்கழி முடியும்போதுதான் தைரியம் வந்தது. இல்லத்துக் கொல்லைப்புறக் கொடியில், வெயிலில், என் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தில் தையல் விட்டிருந்தது. நடுவில் தோய்த்தும் போகாத மஞ்சள் கறை. அந்தக் கறையை விரலால் தடவிப் பார்த்தேன். யாரோ உண்மையாகவே இதில் படுத்திருக்கிறார்கள்.

கொடிக்குக் கீழே முக்காலியில் ஒரு அம்மா காவலுக்கு உட்கார்ந்திருந்தாள். குள்ளமும் இல்லை, நான் கற்பனை செய்த யாரும் இல்லை. நெட்டையாக, ஒட்டிய கன்னமும் கோபக் கண்களுமாக இருந்தாள். பணிப்பெண் என்னிடம் சொன்னாள். "இத்த தோய்க்கறதுக்குப் புடுங்கறதுக்குள்ள உயிரே போயிடுதும்மா. காயற வரைக்கும் இங்கயே குந்திக்கினு இருக்கும்."

போர்வை காய்ந்திருந்தது. நான் தையல் விட்ட ஓரத்தைப் பார்ப்பதற்காகக் கொடியிலிருந்து எடுத்தேன். அந்த அம்மா துள்ளி எழுந்து மறுபக்கத்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உடு. என்து அது."

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. போர்வை எங்கள் இருவருக்கும் நடுவில் சுருக்கமில்லாமல் விரிந்து நின்றது. என் கை தானாக ஒரு உதறு உதறியது. என்ன நினைத்தாளோ, அவளும் உதறினாள். நீளவாக்கில் மடித்தேன், அவளும் மடித்தாள். அவள் என்னை நோக்கி நடந்து வந்தாள், நானும் நடந்தேன். அவள் விரல்கள் என் விரல்களின் மேல் பட்டன. சில்லென்று இருந்தன.

என் கையிலிருந்த முனைகளை அவள் கையில் சேர்த்தேன். "இந்தாங்க, உங்க சொத்து" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"பின்ன? என்துதான்" என்று சொல்லிவிட்டு, போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் உள்ளே போய்விட்டாள்.