கவிழ்த்து வைத்த டம்ளர்

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே டம்ளரைக் கவிழ்த்து விடுகிறார். கைப்பையை வைப்பது, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது, ‘மலாவி’ என்ற பெயர்ப்பலகையை மேசையில் படுக்க வைப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். தண்ணீர் ஊற்ற வரும் பெண்ணுக்குத் தினமும் ஒரே பதில்: “வேணாம் கண்ணு. குடிச்சா எந்திரிச்சுப் போகணும். நான் போனா நாடே போயிரும்.”

அதுபேலே நியிரெண்டா. எங்களுக்கு மாயி. எங்கள் ஜாம்பியாப் பக்கமும் பெற்றவள் மாயிதான், பெரிய அதிகாரியும் மாயிதான்.

ஜெனீவாவில் நாடுகள் கூடி வாணிப விதிகளைப் பேசும் அந்த மண்டபத்தில் ஓட்டு கிடையாது. அறையில் இருப்பவர் யாரும் பெயர்ப்பலகையை நிமிர்த்தி மறுக்காவிட்டால் சம்மதம். அறையில் இல்லாதவரை யாரும் தேட மாட்டார்கள். பணக்கார நாடுகள் ஒரு கூட்டத்துக்கு ஒரு படையையே அனுப்பும். மலாவிக்கு எல்லாக் கூட்டத்துக்கும் மாயி ஒருவர். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒருநாள் காப்பி குடிக்கப் போய்த் திரும்புவதற்குள், விதை மானியம் பற்றிய வாசகம் காணாமல் போயிருந்தது. “காப்பி மட்டும் ரொம்ப நல்லா இருந்துச்சாம்” என்பார் மாயி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிரிக்கக் குழு முழுக்க அவர் வீட்டில்தான். மக்காச்சோள மாவைக் கிண்டிய ந்சிமா, வறுத்த மீன், கீரை. யார் எதை விட்டுக்கொடுப்பது என்ற அடிதடியெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். “கையக் கழுவிட்டு வாங்க, அப்புறம் சண்டை போடுங்க. வெளியில போனா நமக்கு ஒரே வாய்தான், தெரியுதா?”

அந்த ஒரே வாய் பெரும்பாலும் மாயியின் வாய்தான். அதில் ரகசியம் எதுவும் தங்காது. யாராவது காதோடு சொன்னதை மதியத்துக்குள் மடகாஸ்கர் முதல் செனகல் வரை சொல்லிவிடுவார்.

போன செவ்வாய்க்கிழமை மக்காச்சோளப் பத்தி வந்தது. வெளிநாட்டுச் சோளம் மலிவாக வந்து குவிந்தால், ஏழை நாடு வரியை உயர்த்தித் தன் விவசாயியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்கிற பத்தி. அது இல்லாமல் எதற்கும் தலையாட்டுவதில்லை என்று ந்சிமா தட்டைச் சுற்றி முடிவாகியிருந்தது.

காலையிலேயே பணக்கார நாட்டு அதிகாரி ஒருவர் மாயியை நடைபாதையில் ஓரங்கட்டினார். வெண்ணெய் தடவிய குரல். “மேடம், உங்க நாட்டுச் சர்க்கரைய மட்டும் வரியில்லாம எடுத்துக்கறோம். அந்தப் பத்திய எடுக்கறப்ப நீங்க சும்மா இருந்தா போதும். நமக்குள்ளயே இருக்கட்டும், என்ன?”

“யோசிச்சுச் சொல்றேன் தம்பி.”

மலாவித் தலைநகர் லிலோங்வேயில் இருக்கும் அமைச்சருக்குப் போன் போட்டார். எதிர்முனை கத்தியது எங்களுக்கே கேட்டது. “சர்க்கரையா! வாங்கிக்க மாயி! சோளத்த மத்தவன் பாத்துக்குவான்!”

இருக்கைக்கு வந்து கைப்பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உடைத்தார். உடைத்ததைத் தின்னவில்லை. பக்கத்து இருக்கை மடகாஸ்கர்க்காரர் ரசாஃபி தாங்க முடியாமல் கேட்டார்.

“என்ன மாயி, கடலை சொத்தையா?”

மாயி விஷயத்தைக் கொட்டினார். அவர் ரகசியமாகப் பேசினால் கடைசி வரிசை வரை கேட்கும்.

“அட, அந்தச் சர்க்கரைச் சலுகைய நேத்து எனக்கில்ல தரேன்னாரு!” என்றார் ரசாஃபி.

பின்னாலிருந்து மொசாம்பிக் அம்மாள் எழுந்தே விட்டார். “எனக்கும்தான்!”

“அடப்பாவி, ஒரே பொண்ண மூணு வீட்டுக்குப் பேசி முடிச்சிருக்கானே!” என்று மாயி மறுபடி போனை எடுத்தார். “ஐயா, அந்தச் சர்க்கரை ஏற்கெனவே ரெண்டு வீட்டு டீயில கரைஞ்சு போச்சு.”

அமைச்சர், “வெறுங்கையோட வந்தா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல” என்று வைத்துவிட்டார்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் தலைவர் கூட்டத்தை விடவில்லை. பசி பொறுக்காதவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ரசாஃபியும், “இதோ வந்துட்டேன் மாயி” என்று ஓடினார். பாதி மண்டபம் காலியானதும் தலைவரின் குரல் தாலாட்டாக மாறியது.

“நண்பர்களே… ஒரு சின்னத் திருத்தந்தான்… சோளப் பத்திய மட்டும் எடுத்துட்டு மத்ததெல்லாம் அப்படியே… யாருக்கும் மறுப்பு இல்லன்னு நெனைக்கறேன்…” சுத்தியல் மெல்ல மேலே எழுந்தது.

டக்.

சுத்தியல் இல்லை. படுத்திருந்த ‘மலாவி’ பலகை செங்குத்தாக நின்றது.

“மலாவி… மட்டுமா?” தாலாட்டு நின்றுவிட்டது. வெண்ணெய்க் குரல்காரர் மாயியையே பார்த்தார்.

“ஏன் தலைவரே, நான் ஒருத்தி ஒக்காந்திருக்கறது பத்தாதா?”

மொசாம்பிக் பலகை நிமிர்ந்தது. பக்கத்தில் எங்கள் ஜாம்பியாவும் நிமிர்ந்தது. வாயில் பாதி ரொட்டியோடு ஓடிவந்த ரசாஃபி, மூச்சு வாங்கிக்கொண்டே மடகாஸ்கரை நிமிர்த்தினார். எதற்கு நிமிர்த்துகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியவே தெரியாது.

சோளப் பத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. தலைவர் கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.

கைப்பைக்குள் போன் அடித்தது. லிலோங்வே. மாயி அதைப் பார்த்தார். பிறகு டம்ளரை நிமிர்த்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, போன் அடிக்க அடிக்க, நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.