கேள்வி கேட்கிற டாக்டர்

எங்கள் பக்கம் ஒரு நாயை எந்த டாக்டரிடம் காட்டுவது என்பதை அதன் வியாதி முடிவு செய்வதில்லை. அந்த வீட்டின் பின்பக்கம் என்ன வேலை நடக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். மற்றவர்கள் இதைப் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரிந்துகொள்கிறார்கள். எனக்குத்தான் நாற்பது வயது தேவைப்பட்டது.

ஆமத்தூர் தாண்டி எங்கள் ஊர். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு. முன்வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும். அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். நான் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பைண்டிங் பார்க்கிறேன். பின்வீட்டில் என் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும். அதற்கும் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் அவர்கள் இருவரும் கம்பி மத்தாப்பு போடுகிறார்கள். ஏஜெண்ட் ஒருவர் கம்பியையும் மருந்தையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். மைதாப் பசையில் மருந்தைக் குழைத்து, கம்பியை முக்கிக் காயவைத்து, கட்டுக் கட்டிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் கிடையாது. மருந்தில் சேர்கிற பச்சை உப்பு, அதாவது பேரியம், அதற்குத் தடை வேறு. மாட்டினால் ஜாமீன் கிடைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். தெருவில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. அதனால் எங்கள் தெருவில் யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

நாய் என்னுடையது. அதன் தாய் அசல் ராஜபாளையம், தகப்பன் யாரென்று தாய்க்கே தெரியாது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ராஜபாளையத்தில் நாய் வளர்த்து விற்கிற ஒருவர், காது கேட்காத குட்டி விலைபோகாது என்று சும்மாவே கொடுத்தார். அவர் பார்வையில் அது ஊனம். எங்கள் ஊரில் அது கொடுப்பினை. தீபாவளிக்கு மற்ற நாய்கள் கட்டிலுக்கடியில் நடுங்கி மூத்திரம் பெய்துகொண்டிருக்கும்போது, என் நாய் வாசலில் மல்லாந்து தூங்கும். பேர் வைக்கவில்லை. வைத்து யார் கேட்கப்போகிறார்கள்? தரையில் காலை ஓங்கி மிதித்தால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் நாய்மேல் இம்புட்டுப் பிரியம் என்று தெருவில் பேசுவார்கள். பிள்ளை இருந்திருந்தாலும் அதன்மேல் எனக்குப் பிரியமாகத்தான் இருந்திருக்கும்.

டாக்டர் என்று பார்த்தால் எங்களுக்கு மூன்று வழி. ஒன்று, பக்கத்து ஊர் கால்நடை மருந்தகம். அரசாங்கத்துடையது, காசில்லை. அந்த டாக்டரம்மா தங்கமானவர். ஆனால் மாடும் ஆடும் பார்த்து முடித்த பிறகுதான் நாய்க்கு முறை வரும். ஆனால் அடுத்த கட்டிடம் வி.ஏ.ஓ. ஆபீஸ், பேச்சு சுவர் தாண்டிப் போய்விடும். வெறிநாய் ஊசி மட்டும் அந்த மருந்தகத்தில் போட்டேன்.

இரண்டாவது, ஊசிக்காரர். டாக்டரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. பைக்கில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வருவார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே சிவப்பு மருந்துதான். கோழிக்குக் கேட்டாலும் போட்டுவிடுவார். அவருடைய பெரிய தகுதி, எதையும் கேட்கமாட்டார் என்பது.

மூன்றாவது, சிவகாசி டவுனில் ஒரு தனியார் கிளினிக். பட்டாசு முதலாளிகளும் பிரஸ் முதலாளிகளும் நாயை டிரைவர் வைத்துக் காரில் அனுப்புகிற இடம். ஐப்பசி மழையிலேயே நாக்கைத் தொங்கப்போடுகிற பனிநாயைச் சித்திரை வெயிலில் வளர்க்கிற மகராசன்கள். அதற்கென்று தனி அறை, தனி ஏசி. அந்தக் கூட்டத்தில் நான் என் நாயைச் சணல் கயிற்றில் கட்டிக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். காதைச் சரிப்படுத்த முடியுமா என்று கேட்கத்தான் போனேன். முடியாது என்று சொல்வதற்கே ஃபீஸ் வாங்கினார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தீபாவளிப் பலகாரச் சீட்டுக்கு வைத்திருந்ததில்தான் கொடுத்தேன். அந்த வருஷம் அதிரசம் கம்மி.

ஆனாலும் அந்த டாக்டரை எனக்குப் பிடித்திருந்தது. சின்ன வயசு. சணல் கயிறு என்று முகம் சுளிக்கவில்லை. வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார், கால் இடுக்கைப் பார்த்தார், தோலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, வீட்டில் யாரும் பட்டாசு வேலை பார்க்கிறார்களா என்று கேட்டார். அக்கம்பக்கத்தில் உண்டு என்று சொல்லிவைத்தேன். அப்படியானால் நாயை மருந்துப் பக்கம் அண்டவிட வேண்டாம், பசை வாசனைக்கு நக்கிவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னதுதான் தப்பு. இப்படி விசாரித்து வைத்தியம் பார்க்கிற டாக்டர் கிடைப்பாரா என்றேன். கொழுந்தன் சாப்பாட்டில் கைவைத்தபடி அப்படியே நிறுத்திவிட்டான்.

"அவரு ஏன் மதினி அதக் கேக்காரு? நாய்க்கு வைத்தியம் பாக்க வந்தவருக்கு நம்ம வேல எதுக்கு? இனி அங்கன போகாதீக."

என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். அவருக்கு எப்போதும் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தம்பி பக்கத்துக் காலைத்தான் அழுத்தி ஊன்றுவார். ஆக, கேள்வி கேட்கிற டாக்டர் ஆகாது என்று குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு நாய்க்குச் செருமல் வந்தாலும் சொறி வந்தாலும் ஊசிக்காரர்தான். எனக்கும் செலவு குறைந்தது.

போன ஐப்பசி, சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மழை திடீரென்று பிடித்துக்கொண்டது. கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் காயவைத்த கம்பியை அள்ளி உள்ளே போட ஓடினார்கள். மருந்து குழைத்த பசைத் தட்டு வெளியிலேயே கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது நாய் வாசலில் கிடந்தது. வாயில் எச்சில் கயிறாக வடிந்தது. நான் காலை ஓங்கி மிதித்தேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால் இரண்டும் வரவில்லை. ரோஸ் மூக்கைச் சுற்றி வெள்ளிப் பூச்சு, மருந்தில் சேர்கிற அலுமினியப் பொடி. போய்த் தட்டைப் பார்த்தேன். கழுவி வைத்ததுபோல இருந்தது.

கொழுந்தன் ஓடிவந்து பார்த்தான். ஊசிக்காரரைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டேன். டவுன் டாக்டரிடம் கொண்டுபோகாவிட்டால் இந்த வாசலை விட்டு எழுந்திருக்கமாட்டேன், இன்றைக்கு இந்தக் காம்பவுண்டில் அடுப்பு எரியாது என்றேன். என் குரலுக்குத் தெருவில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. தெரு எட்டிப் பார்ப்பதுதான் அவர்களுக்கு ஆகாதே. உடனே வண்டியை எடுத்தார்கள்.

நான் கூடவே இருந்திருக்க வேண்டும். ஆனால் காலண்டர் சீசனில் ஒரு நாள் வராதவளுக்கு மறுநாள் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் அந்த வாரம்தான் ஒருத்தியை அனுப்பியிருந்தார். கிளினிக் போகிற வழியில்தான் பிரஸ். வண்டியிலேயே போய் வாசலில் இறங்கிக்கொண்டேன். பின்னால் சாக்கின்மேல் நாய் கிடந்தது. கொழுந்தன் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஈரம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம், பச்சை உப்பை நக்கிவிட்டது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள் என்றேன். என் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கினேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். டிரிப்ஸ் ஏறுகிறது என்றார். காசுக்கு என்ன செய்தீர்கள் என்றேன். தம்பிதான் எல்லாம் கொடுத்தான், உன் சீட்டுப் பணத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்றார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என் கொழுந்தன். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பஸ்ஸுக்குச் செலவாகும் என்று வராமல் இருந்தவன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது நாய்க்கும் பொருந்தும் போல என்று நினைத்து, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்தைச் சொன்னீர்களா என்று கேட்டேன். எல்லாம் சொல்லியாச்சு, நீ வேலையைப் பார் என்றார்.

வேலை முடிந்து நேரே கிளினிக்குக்கு நடந்தேன். ஏதோ லோடு இறக்க வேண்டுமென்று அண்ணனும் தம்பியும் போய்விட்டிருந்தார்கள். டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு அவரே வெளியில் வந்தார். உள்ளே மேசைமேல் நாயைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மூன்று மணிக்கே போய்விட்டது என்றார். நான் அழவில்லை. துணியைத் தூக்கிப் பார்த்தேன். முகம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது.

வீட்டில் எலிப்பேஸ்ட்டை எந்த இடத்தில் வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

எலிப்பேஸ்ட்டா என்றேன். காலையில் வந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள் என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெள்ளியைத் துடைத்த அந்த ஈரத் துணியும், அவன் கொடுத்த காசும் விளங்கிவிட்டன. பச்சை உப்பு என்று நான் சொன்னேன். என் வாயால், நாய் செத்து மூன்று மணி நேரம் கழித்து. அவர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு தடவ கேட்டேம்மா. ரெண்டு பேரும் சாமி மேல சத்தியம் பண்ணாங்க. எலிப்பேஸ்ட்டுக்குப் பாக்குறதப் பாத்தேன், குளுக்கோஸ் ஏத்தினேன். பேரியத்துக்குக் குளுக்கோஸ் ஏத்துனா இன்னும் மோசமாகும். அதுக்குப் பொட்டாசியம் ஏத்தணும். இன்னைக்குப் போட்ட பில்லுல இருக்குற எல்லாத்தையும் விட அதுதான் வெலை கம்மி."

சாகும்போது வலி இருந்ததா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இந்த விஷத்தில் முதலில் கால் போகும், பிறகு மூச்சு போகும், புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்றார். யாராவது நடந்து தரை அதிர்ந்தால் கண்ணை மட்டும் கதவுப் பக்கம் திருப்பியதாம்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். ஒவ்வொரு சீசனுக்கும் இப்படி நாயும் ஆடும் வருவதாகச் சொன்னார். இதுவரை யாரைப் பற்றியும் எவரிடமும் வாய் திறந்ததில்லை, வைத்தியத்துக்குத் தெரிந்தால் போதும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார். வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

ஆட்டோ பிடித்து நாயை மடியில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். கொட்டகைக்குப் பக்கத்தில் அவர்கள் ஏற்கெனவே குழி வெட்டி வைத்திருந்தார்கள். போன் வழியாகச் சேதி வந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. கொழுந்தன் மண்வெட்டியோடு நின்றான். போனது போகட்டும், தை மாசம் நல்ல லேப்ரடார் குட்டியாக, காது கேட்கிற நாயாக வாங்கித் தருகிறேன் என்று ஆறுதல் சொன்னான்.

நான் நாயைக் குழியில் இறக்கிவிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். குளுக்கோஸைச் சொன்னேன், பொட்டாசியத்தைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன். உங்கள் சத்தியத்தில் மண் விழ என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன். இருபது வருஷத்தில் அவரை நான் அப்படிச் சபித்ததில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு குழி ஓரத்து மண்ணைக் காலால் தள்ளினார். ஒவ்வொரு சீசனுக்கும் இப்படி வருவதையும், டாக்டர் யாரிடமும் சொல்வதில்லை என்பதையும் கடைசியாகச் சொன்னேன். வெட்கப்படுவார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

கொழுந்தன் முகம் தெளிந்துவிட்டது.

"யார்ட்டயும் சொல்ல மாட்டாராமா? அட, இது முன்னமே தெரியாமப் போச்சே மதினி."

அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி அவன் மண்டையில் போடலாமா என்றுதான் எனக்கு இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், போட்டிருப்பேன். அப்போது கொட்டகைக்குள்ளிருந்து என் ஓரகத்தியின் குரல் வந்தது. காலையில் நான் போட்ட கூச்சலுக்குக்கூட அவள் எழுந்து வெளியே வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டுக்கு முன்னால் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வெள்ளி. மடியில் ஒரு கட்டுக் கம்பி.

"எக்கா, அந்தப் பொட்டாசியம் மனுசருக்கும் கேக்குமா? எனக்கு முந்தாநாள்லருந்து வாந்தி. இன்னைக்குக் காலையிலருந்து காலு ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கு. பெரியாஸ்பத்திரிக்குப் போனா என்னத்தத் தின்னேன்னு கேட்டுப் போலீசுக்கு எழுதிருவாகன்னு இவுக கூட்டிட்டுப் போகல. அந்த டாக்டரு என்னையப் பாப்பாராக்கா?"

நான் உள்ளே போய் அவளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினேன். பாதம் தரையில் ஊன்றவில்லை, இழுபட்டது. பெரியாஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்கள் என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் தம்பி முகத்தைப் பார்த்தார். தம்பி மண்வெட்டியைக் குழிமேட்டில் குத்தி வைத்துவிட்டு, நாய் கிளினிக் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும் என்று என்னிடம் கேட்டான்.