மேலே ஏற்றிய குரல்கள்

முப்பது சொச்சம் பேர் வாயால் சொன்ன சாட்சியத்தை அழியவிட்டவன் நான்தான். பழியை இன்னொருவன் தலையில் போட்டவனும் நானே. இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏன் உங்களிடம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

கல்வராயன் மலையில் காலங்காலமாக உழுதவர்களுக்குப் பட்டா கேட்டு மனுப் போடும் சிறு சங்கம் எங்களுடையது. அலுவலகம் கள்ளக்குறிச்சியில், மலை மேல் வெள்ளிமலையில் ஓர் அறை. கம்ப்யூட்டர் வேலை முழுக்க என்னுடையது. காகிதம் இல்லாதவர்கள் தங்கள் நிலத்தின் எல்லையை வாயால் சொல்ல, அதைப் பதிவு செய்து வைத்திருந்தோம்.

அவற்றை எங்கே வைப்பது என்று ஒரு கூட்டம் நடந்தது. வெளிக் கம்பெனியிடம் இணையத்தில் இடம் வாடகைக்கு எடுக்கலாம் என்றார் செயலாளர் கலா அக்கா. நம் ஜனங்களின் நில விவகாரம் முகம் தெரியாதவன் மெஷினில் எதற்கு, நம் கையிலேயே இருக்கட்டும் என்றேன் நான். அது அக்கறையா? எல்லாம் வெளியே போய்விட்டால் எனக்கு இங்கே என்ன வேலை என்ற பயமா? அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை!

அக்கா சொன்னதே முடிவானது. மனுக்கள், ரசீதுகளின் படங்களை இணையத்தில் அனுப்பிவிட்டேன். குரல் பதிவுகள் பெரியவை. பாதியில் நின்று நின்று உயிரை வாங்கின. எரிச்சலில் அவற்றை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஜீப்பில் கொண்டுபோய் வெள்ளிமலை அறையின் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் அக்கா போன் செய்தார்.

"எல்லாத்தையும் மேல ஏத்திட்டியாப்பா?"

"ஏத்திட்டேங்க்கா."

எங்கள் பக்கம் மேலே என்றால் மலை. அரிசி மூட்டையையும் மேலேதான் ஏற்றுகிறோம், சிமெண்டையும் மேலேதான் ஏற்றுகிறோம். அக்கா கேட்டது இணையத்தை. நான் சொன்னது வெள்ளிமலையை. அந்தக் கணம் எனக்கு நிஜமாகவே புரியவில்லையா? அல்லது புரிந்துகொண்டே, சொல்லின் மறைவில் ஒளிந்துகொண்டேனா? உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது... அந்த உறுத்தல் அப்போதே வந்ததா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதா? பிடிபடவே இல்லை.

அக்கா நம்பினார். பதிவுகள் இருந்த பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து ஒரு பள்ளிக்குக் கொடுக்கச் சொன்னார். அழித்ததும் இதே கைதான்.

மழையில் அந்த அறையின் தகரக் கூரை ஒழுகியது. பீரோவைத் திறந்தபோது டிஸ்க் தண்ணீரில் கிடந்தது. சேலம் வரை கொண்டுபோய்க் காட்டினேன், கையை விரித்துவிட்டார்கள்.

அக்காவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? கம்பெனிக்காரன் தொலைத்துவிட்டான் என்றேன்! வெளியே வைத்தால் இப்படித்தான் ஆகும், அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே என்றும் சேர்த்துக்கொண்டேன். உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவர் வருந்தினார். இப்போது சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு சர்வர் இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளன் நான். வெட்கமாக இருக்கிறது.

மற்றவர்களிடம் மறுபடி பதிவு செய்துகொண்டோம். மலையில் மனுப் போட்டிருந்தவர்களில் அஞ்சலையம்மாவின் கணவரிடம் மட்டும் முடியவில்லை. அவர் இறந்துவிட்டார். பலா மரத்திலிருந்து ஓடை வரை தன் அப்பன் சாமை விதைத்த இடம் என்று அவர் சொன்ன அந்தப் பேச்சு ஒன்றுதான் அவர்களுக்கு ஆதாரம்.

இன்று காலை முதல் பஸ்ஸில் அந்தம்மா கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்கினார். திங்கட்கிழமை விசாரணையாம். தன் கணவர் பேசியது எங்கே இருக்கிறது என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்...

"மேல இருக்குதும்மா."

அந்தம்மா என்னைப் புரியாமல் பார்த்தார்.

"மேல எங்கங்க? நான் அங்கேர்ந்துதான வந்துக்கினு இருக்கேன்."

கொஞ்சம் உட்காருங்கள், தேடி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் வந்தேன். தேடவில்லை. இதைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான் தட்டும் சத்தத்தைக் கேட்டபடி அந்தம்மா பெஞ்சில் காத்திருக்கிறார்.