எங்கள் வீட்டுக் கஞ்சி முறை

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பூசைக்குப் புறப்படும் நேரத்தில் என் கணவரின் போனில் ஓட்டக்காரர் குழுவின் செய்தி வந்து விழும். "இன்றைய ஓட்டம் இனிதே நிறைவுற்றது" என்றுதான் தொடங்கும். யார் முந்தி வந்தார், யாருக்கு வழியில் கால் பிடித்தது, யார் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து சேர்ந்து ஓடினார், எல்லாம் அதில் இருக்கும். கீழே ஒரு படம். செம்மஞ்சள் டீ-சேர்ட் போட்ட ஆண்கள் ஆளுக்கொரு கோப்பையோடு யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் கஞ்சிப் பானை. படத்துக்கு அடியில் "கஞ்சி அனுசரணை" என்று, அன்று கஞ்சி கொடுத்த வீட்டுக்காரரின் பெயர். எங்கள் முறை வரும் வாரத்தில் அது என் கணவரின் பெயர். வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று சொல்லத் தெரியாத மனிதர் அவர்.

குழு தொடங்கியது யுத்தம் முடிந்து, கல்பிட்டி வீதிக்குக் காபட் தார் போட்ட பிறகு. அதுவரை அந்த வீதியில் ஒருவர் ஓடுகிறார் என்றால் பின்னால் ஏதோ துரத்துகிறது என்று அர்த்தம். வீதி வழுவழுப்பானதும், ஊரில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம் இருப்பதும் ஒரே காலத்தில் தெரியவந்தன. நுரைச்சோலைச் சந்தியில் வலைக்கடை வைத்திருக்கும் என் கணவரையும் டாக்டர் நடக்கச் சொன்னார். அவர் ஓடவே தொடங்கிவிட்டார். ஆசிரியர்கள், வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமார், மருந்துக்கடைக்காரர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். எங்களைப் போன்ற வேதக்காரரும் முஸ்லிம்களும் ஒன்றாக ஓடுகிறார்கள் என்று வெளியூரில் மெச்சினார்கள். நானும் மெச்சினேன், கஞ்சி வரும் வரைக்கும்.

ஓடி முடித்தவர்கள் ஒரு வீட்டில் கூடி இலைக்கஞ்சி குடிப்பது, வாரத்துக்கு ஒரு வீடு, என்பது குழுவின் வழக்கமாயிற்று. அதை ஆரம்பித்தது யார் என்று எனக்குத் தெரியாது. நிச்சயமாக அடுப்படிப் பக்கம் போகிறவர் அல்ல. முதல் நாள் பின்னேரமே இலை ஆய வேண்டும். விடியப்புறம் எழுந்து அரிசியை அவியவிட்டு, தேங்காய் திருவி, பால் பிழிந்து, இலையை அரைத்து வடித்து, பச்சை நிறம் மாறுமுன் இறக்க வேண்டும். பனங்கட்டியை உடைத்து வைக்க வேண்டும். ஒரு தடவை நான் இலையை பிளெண்டரில் அடித்துவிட்டேன். அது எப்படியோ வெளியே போய், ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் குழுவில் குரல் பதிவு போட்டார். பிளெண்டர் சூட்டில் சத்து செத்துவிடுமாம், அம்மியில் அரைப்பதுதான் ஓடுகிறவனின் உடம்புக்கு நல்லதாம். அவர் வீட்டில் அம்மியே கிடையாது என்று அவருடைய மனைவி பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் முழுவதும் சம்பல்கூட அரைக்கவில்லை.

நான் ஓடத் தொடங்கியது எந்தச் செய்தியிலும் வரவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர், தொண்ணூறில் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னைவிட மூத்தவர். அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவருடைய கணவரும் குழுவில் இருக்கிறார். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் வெங்காயத் தோட்டங்களுக்கு இடையால் போகும் மணல் பாதையில் நடப்போம். ஒருநாள் தோட்டத்து நாய் துரத்தி ஓடினோம். நாய் நின்ற பிறகும் நாங்கள் நிற்கவில்லை. மறுநாள் நாய் இல்லாமலே ஓடினோம். மகளின் பழைய சப்பாத்து எனக்கு அளவாக இருந்தது. கலியாணம் கட்டிய பிறகு எனக்கென்று கிடைத்த ஒரே நேரம் அதுதான், அதில் ஒருவருக்கும் பங்கு கொடுக்க நான் தயாராக இல்லை.

குழு வருடத்துக்கு ஒரு பெரிய ஓட்டம் வைக்கும். பாலாவியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெண்களுக்கும் வையுங்கள் என்று ஊர் ஆசிரியைகள் கேட்ட போதெல்லாம் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார்கள். வேறொரு ஊர்க் குழு பெண்களை ஓடவிட்டுப் படம் போட்ட பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு ரோசம் வந்தது. அந்த வருடம் பெண்கள் ஓட்டமும் உண்டு என்று அறிவித்தார்கள். நாங்கள் பூசைக்குப் போகும் கோயில் வளவில் தொடங்கி, எங்கள் வீட்டைத் தாண்டி, ஐஸ் கம்பனி வரை போய்த் திரும்ப வேண்டும். ஆண்கள் ஓடி முடித்துக் கஞ்சிக்குப் போன பிறகு பெண்கள் ஓடுவார்களாம். அப்போது பார்க்க யார் நிற்பார்கள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஓடக் கிடைத்தால் போதும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"நானும் தாத்தாவும் ஓடப் போறம்."

"ஓம், ஓடு, நல்லதுதானே," என்றார். பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டே, "ஆனா அண்டைக்குக் கஞ்சி எங்கட முறை," என்றார்.

"அப்ப நீங்க வையுங்க."

"நான் ஓட வேணுமே."

பகிடிக்குச் சொல்லவில்லை. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறையை வேறு வீட்டுக்கு மாற்றச் சொன்னேன். வெளியூர் ஆட்கள் வரும் நாளில் மாற்றினால் வெட்கம் என்றார். கடையில் வாங்கச் சொன்னேன். அது இன்னும் வெட்கம் என்றார். "இந்த ஒருக்காப் பொறு. நீ அடுத்த வருஷம் ஓடலாம்," என்றார். அடுத்த வருஷம் என்று கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"நான் கஞ்சி வைக்க மாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன். பிறகு சொல்லேல்ல எண்டு சொல்லக் கூடாது," என்றேன்.

"ம்" என்றார். அவர் நம்பவில்லை. எவ்வளவு கோபத்தில் எதைச் சொன்னாலும் விடிந்ததும் எழுந்து அடுப்பை மூட்டிவிடுகிறவள் நான் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது. முதல் நாள் பின்னேரம் அவர் வாங்கிவந்து போட்ட வல்லாரைக் கட்டுகளைக் கிணற்றடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாக ஒரு கட்டை அவிழ்த்தது. வெளியூர் ஆட்கள் வெறுங்கோப்பையோடு நிற்பார்களே என்று மனம் ஒரு பக்கம் இழுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் தாத்தா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்துவிட்டார்.

"தங்கச்சி, நாளைக்கு நீங்க வெச்சீங்கண்டா, வாற கெழம என்ட முறைக்கு நானும் வெக்கோணும். பொறகு மவுத்தாகுற வரைக்கும் ரெண்டு பேரும் வெச்சிக்கிட்டே இரிக்கோணும்."

கட்டைத் திரும்பக் கட்டினேன். இலை வாடாமல் ஈரச் சாக்கால் மூடினேன், அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. விடிந்ததும் கிணற்றடியில் கிடந்த அம்மியைக் கழுவினேன். அரிசியை எடுத்து வைத்தேன். தேங்காய்களைத் திருவலைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். அதற்கு முன்பே அவர் கோயில் வளவுக்குப் போயிருந்தார். அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஆண்கள் ஓடி முடித்து, வியர்வை துடைத்து, எங்கள் வீட்டை நோக்கிக் கூட்டமாகப் போனார்கள். பிறகு எங்களை விட்டார்கள். ஆசிரியைகளும் பாடசாலைப் பிள்ளைகளும் முன்னால் போக, நாங்கள் இருவரும் பின்னால் எங்கள் பாட்டுக்கு ஓடினோம். எங்கள் வீட்டு முற்றம் முழுக்கச் செம்மஞ்சளாக இருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளில் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அந்த ஓய்வு பெற்ற அதிகாரி வெறும் பானையின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் வாசல் படலையடியில் நின்றார்.

"கஞ்சி எங்க?" என்றார். சத்தம் போடவில்லை. உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார்.

"அம்மி கிணத்தடியில இருக்கு," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஐஸ் கம்பனியில் திரும்பி வரும்போது சிலர் அம்மியைச் சுற்றி நின்று கூட்டம் வைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. கோயில் வளவில் முடிவுக் கயிற்றைப் பிடிக்கவும் ஆள் இல்லை. முந்தி வந்த ஆசிரியை ஒரு நுனியைக் கொடிமரத்தில் கட்டி மறு நுனியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தேன். தாத்தா எனக்கு முன்னால். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது, அதற்குள் அந்தக் கயிற்றைப் பார்த்துக் கோபமும் வந்தது.

அன்று பின்னேரம்தான் செய்தி வந்தது. கணவர் போனை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார். முந்திய ஆண்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. "பெண்களுக்கான ஓட்டமும் நடைபெற்றது" என்று ஒரு வரி இருந்தது. யார் முந்தினார் என்று இல்லை, படமும் இல்லை. கயிற்றை ஒற்றைக் கையில் பிடித்த அந்த ஆசிரியையின் பெயரைப் போட இவர்களுக்கு என்ன கேடு? அதற்குக் கீழே, "தவிர்க்க முடியாத காரணத்தினால் இம்முறை கஞ்சி வழங்கப்படவில்லை. வருந்துகிறோம்" என்று இருந்தது.

இத்தனை வருடம் பானை பானையாகக் காய்ச்சியும் எனக்குக் கிடைக்காத இடம், ஒரு நாள் காய்ச்சாததற்குக் கிடைத்திருந்தது. போனை வேலிக்கு மேலால் தாத்தாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"அப்ப வாற கெழம," என்றார், "நான்தான் தவிர்க்க முடியாத காரணம்."