உளுந்தளவு மிச்சம்

மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. விதைப்பையில் வலி என்று நிற்கக்கூட முடியாமல் அழுதான். எல்கடுவையிலிருந்து மாத்தளை ஆஸ்பத்திரிக்குத் தூக்காத குறையாகக் கொண்டுபோனேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். தாய் வயிற்றில் உருவாகும்போது ஆண் பிள்ளைக்கும் கர்ப்பப்பையாக வளரக்கூடிய ஒரு குழாய் இருக்குமாம். பிறகு அது கரைந்துவிடும். விதையின் மேல் உளுந்தளவு மிச்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு பயனும் இல்லை. இவனுக்கு அது முறுக்கிக்கொண்டது, தானாகவே வற்றிவிடும். ஆனால் விதையே முறுக்கிக்கொண்டாலும் இதே வலிதான் வரும். ரத்தம் போகாமல் சில மணி நேரத்தில் விதை செத்துவிடும். இனி வலித்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கர்ப்பப்பை என்ற சொல் மட்டும்தான் அந்த மனிதரின் காதில் விழுந்தது.

"அப்ப நம்ம வீட்டுல மக ஒருத்தி இருக்கானு சொல்லு!"

அன்றிலிருந்து, "மகளே, தண்ணி கொண்டா" என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான், அந்தச் சுவருக்குக் காது பெரியது. அந்தக் கேலி பள்ளிக்கூடம் வரை போய்விட்டது.

"போதுங்க, புள்ள மூஞ்சியப் பாருங்க" என்றேன். கேட்டால்தானே.

அடுத்த வருஷம் ஒரு மழைநாள் காலையில் வாந்தி எடுத்தான்.

"வயிறு வலிக்குதும்மா."

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"இல்லம்மா, வயிறுதான்."

ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன். சாயந்தரம் திரும்பியபோது காலை அகட்டி அகட்டி நடந்துகொண்டிருந்தான். ஆட்டோ பிடித்து ஓடினோம். அன்றே அறுத்தார்கள். இந்த முறை முறுக்கியது உளுந்தளவு மிச்சம் இல்லை, விதை. கறுத்துப்போயிருந்ததை எடுத்துவிட்டார்கள். காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள்.

மறுநாள் கட்டிலருகே நின்று கணவர் கேட்டார்: "ஏன்டா சொல்லல?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க சிரிப்பீங்கப்பா."

அதன்பிறகு அவர் கேலி பேசியதில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை.

இப்போது மகன் கண்டியில் ஒரு கடையில் வேலை செய்கிறான். போனில் குரல் சோர்ந்திருந்தால் என்னவென்று கேட்பேன். "ஒன்னுமில்ல, லேசா வயிறு வலி" என்பான்.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.