இரண்டு பேருக்கு ஒரு வாரச் சாமான்

பத்துப் பேர் உள்ள வீட்டுக்குச் சாமான் வாங்குவது எளிது. கொஞ்சம் கூடிப்போனால் யாராவது தின்றுவிடுவார்கள். குறைந்துபோனால் ஆளுக்கு ஒரு கவளம் விட்டுக்கொடுப்பார்கள். இரண்டு பேருக்கு வாங்குவதுதான் கஷ்டம். அரைப் பூசணிக்காய் கேட்டால் முறைப்பார்கள், முழுசாக வாங்கினால் வாரம் முழுக்க அதன் முகத்திலேயே விழிக்க வேண்டும். இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது.

அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்காகப் பழநிக்குத் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கொடைக்கானலில், ஏரிக்கு மேலே ஓர் ஒற்றை அறை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா ஒரு பங்களாவில் தோட்டவேலை பார்த்தார். பூம்பாறையில் பெரிய குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவருக்குக் குறைத்து வாங்கக் கை வராது. முதல் வாரம், வில்பட்டியிலிருந்து கோசு சுமந்து வந்த ஒருவரை பங்களா வாசலிலேயே நிறுத்தி, மலிவாக இருக்கிறதே என்று மூட்டையோடு வாங்கிவிட்டார். பொரியல், கூட்டு, சாம்பார் எல்லாம் கோசு. கடைசியில் ரசத்திலும் கோசு மிதந்தது. அன்றைக்கு அவரே தட்டைப் பார்த்து, "மாடுகூட இதுக்கு மேல திங்காது புள்ள" என்றார்.

அதற்குப் பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. சனிக்கிழமை கூலி வந்ததும் அப்பா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வாரத்தை நாள் நாளாகச் சொல்வார். சாமானைச் சொல்ல மாட்டார், நாளைத்தான் சொல்வார். திங்கள் கீரை, ஏனென்றால் அதுதான் முதலில் வாடும். செவ்வாய் பீன்ஸ். புதன் பருப்பு. வியாழன் மேரக்காய் என்கிற சௌசௌ, அது எத்தனை நாள் கிடந்தாலும் கெடாது. வெள்ளி மறுபடி பருப்பு. சனி, உருளைக்கிழங்கு எத்தனை மிஞ்சியிருக்கிறதோ அத்தனை. தேங்காய் பக்கத்து வீட்டு அக்காவோடு பாதிப் பாதி. தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் குளிரில் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கும். அதையும் அப்பா ஈர்க்குச்சியால் கோடு கிழித்துப் பங்கு வைத்திருந்தார். புதன்கிழமைப் பங்கை செவ்வாய்க்கிழமையே தோண்டிவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்.

சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நான்தான் போவேன். அப்பா வரமாட்டார். பங்களாவில் சோலி கிடக்கிறது என்பார்.

நான் பயந்த சுபாவம். இப்போதும் அப்படித்தான். விலை கேட்க வாய் வராது. காய்க்காரம்மா தானாகக் கவனிக்கும்வரை கூடைக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பேன். "வந்துட்டா பாரு ஊமை மகராசி. வெரலக் காட்டு தாயி, அது போதும்" என்று அந்த அம்மாள் சிரிப்பாள். நான் விரலைக் காட்டுவேன். இப்படியே வாரச்சாமான் முழுவதையும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வந்த நாள்கள் உண்டு.

அப்பா எனக்குப் போட்டிருந்த உத்தரவு ஒன்றே ஒன்று. பூண்டு போட்டிருக்கிற வரிசைப் பக்கம் போகக்கூடாது. எங்கள் வீட்டு ரசத்தில் மிளகும் சீரகமும்தான், பூண்டு கிடையாது. சில வீடுகளில் கறி தின்னாத மாதிரி, எங்கள் வீட்டில் பூண்டு தின்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். அந்த வரிசையில் இருப்பவர்கள் எல்லோரும் பூம்பாறைக்காரர்கள், நடுவில் உட்கார்ந்திருப்பது அப்பாவின் அண்ணி, என் சொந்தப் பெரியம்மா என்பதும் தெரியும். அதனால் எண்ணெய்க் கடைக்குப் போக வேண்டுமானால்கூட சந்தையைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

காரணம் பின்னாளில் தெரிந்தது. எனக்கு நாலு வயதாக இருந்தபோது, அடுக்கு வயலுக்குத் தண்ணீர் விடுகிற முறையில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சண்டை வந்து, அப்பா பங்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். கிளம்பும்போது ஊரே கேட்கும்படி பெரியப்பா, "போ போ, நாளைக்குப் பூண்டக்கூட காசு குடுத்துதேன் வாங்கித் திம்ப" என்றாராம். வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பேச்சாகவே தெரியாது. ஆனால் பூம்பாறையில் எந்த வீட்டிலும் அடுப்புக்கு மேலே பூண்டு கொத்துக் கொத்தாகத் தொங்கிப் புகையில் காய்ந்துகொண்டிருக்கும். விருந்தாளி கிளம்பினால் மடியில் அள்ளிப் போடுவார்கள். அங்கே ஒருவனைப் பார்த்துப் பூண்டு வாங்கித் தின்பாய் என்று சொன்னால், உனக்கு வீடும் இல்லை மண்ணும் இல்லை என்று சொன்ன மாதிரி. அன்றிலிருந்து அப்பா பூண்டை வாங்கவும் இல்லை, தின்னவும் இல்லை.

அம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி சொல்ல மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பழநியிலிருந்து பஸ் ஏறி வந்தார். நான் உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அப்பாவும் வெளியே விறகடுக்குக்குப் பக்கத்தில் நின்று பேசினார்கள். அம்மாவுக்குப் பால் பத்தவில்லை, பாப்பா அழுதுகொண்டே இருக்கிறது என்பது மட்டும் என் காதில் விழுந்தது. மீதியை மாமா பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பூண்டை வேகவைத்துக் கொடுப்பார்கள். அந்தப் பூண்டு புருஷன் வீட்டிலிருந்து போக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பழநிக் கடைகளில் பூண்டுக்கா பஞ்சம்? ஆனால் பூம்பாறையில் பெண்ணைக் கொடுத்துவிட்டுக் கடையில் பூண்டு வாங்கினால் அடிவாரமே சிரிக்கும் என்று தாத்தா வீட்டில் காத்திருந்தார்கள். அதுவரை பசும்பாலில் தண்ணீர் கலந்து பாப்பாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா போகும்போது, கொடைக்கானல் கடையில் தானே வாங்கிக்கொண்டு போய், மச்சான் கொடுத்தார் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பா விடவில்லை. "நான் அனுப்புறேன்னு சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வழக்கம்போல நாள்களைச் சொல்லி முடித்தார். முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தணலைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். அப்புறம் தனியாக இரண்டு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார். "இதையும் வச்சுக்க. சந்தையில என்ன தேவையோ, ஒனக்கே தெரியும்."

எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கினேன், பருப்பைக்கூட இரண்டு கடை பார்த்துத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு ரூபாயையும் அப்படியே நீட்டி, "இதைச் செலவே பண்ணலப்பா" என்றேன். அப்பா பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினார். "சரி" என்றார். கெட்டிக்காரி என்று சொல்வார் என்று நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அடுத்த வாரமும் அதே இரண்டு ரூபாய். இந்த முறை, "எல்லா வரிசையும் பாத்துட்டு வா" என்று சேர்த்துச் சொன்னார். எங்கே மலிவோ அங்கே வாங்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வெள்ளனே போய் எல்லா வரிசையும் பார்த்தேன், பூண்டு வரிசையைத் தவிர. அங்கேதான் போகக்கூடாது என்று சொல்லியிருந்தாரே. உருளைக்கிழங்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். இன்றைக்கு நிச்சயம் பாராட்டுவார் என்று நினைத்துக்கொண்டு திரும்பும்போது, யாரோ பையைப் பிடித்து இழுத்தார்கள். பெரியம்மா. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

"நில்லு புள்ள. நானென்ன பூச்சாண்டியா, ஓடுற? ஒங்க ஆத்தாளுக்கு என்ன பிள்ள?"

தலையைக் குனிந்துகொண்டு, பொட்டப்பிள்ளை என்றேன். தாயும் பிள்ளையும் சுகமா, பால் இருக்கிறதா என்று கேட்டாள்.

"பால் பத்தலையாம். பாப்பா அழுதுக்கிட்டே கெடக்காம்."

சந்தையில் நான் அதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"பூண்டு போச்சா?"

"நாங்க பூண்டு திங்க மாட்டோம்" என்றேன்.

பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் போனாள். நான் சந்தை வாசலுக்கு வருவதற்குள் அவள் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் வெயில்கூட ஏறவில்லை. என்மேல் கோபம் என்று நினைத்தேன். வீட்டில் வந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியம்மாவைப் பார்த்ததைச் சொல்லவில்லை. அன்று அப்பா சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். அவருடைய பங்கு சாதம் மிஞ்சியது. காலையில் பழைய சோறாகும் என்று நான் அதில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா மறுபடி வந்தார். இந்த முறை முகமெல்லாம் சிரிப்பு. வாசலிலேயே, "மச்சான், நீங்க குடுத்துவிட்ட பூண்டு வந்து சேந்துச்சு" என்றார்.

அப்பா கையில் பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

மாமா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பெரியப்பா பூண்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, வில்பட்டி வழியாக ஒற்றையடிப் பாதையிலேயே இறங்கிப் பழநிக்கு நடந்து வந்தாராம். மூட்டையை வாசலில் இறக்கி, "தம்பி குடுத்துவிட்டான்" என்றாராம். உள்ளே வரச்சொல்லியும் வரவில்லை. ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, பாப்பாவை வெளியே தூக்கி வரச்சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். அம்மாவுக்கு இப்போது பால் நன்றாக ஊறுகிறது. பாப்பா அழுவதை நிறுத்திவிட்டது.

தான் அனுப்பவில்லை என்று அப்பா சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரத்துக்கு வேண்டிய விறகு ஏற்கெனவே பிளந்துதான் கிடந்தது.

என் தங்கைக்கு இன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மலைப்பாதையும், மூட்டையோடு இறங்குகிற ஒரு மனிதரும் மனதில் வருவார்கள். அவர் காலைத் தொட்டு நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கும் எனக்குக் கூச்சம்தான். இப்போது இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மாமா வந்த மறுநாள் ஞாயிறு, அப்பா என்னோடு சந்தைக்கு வந்தார். கீரைக்குக்கூட நிற்காமல் நேராகப் பூண்டு வரிசைக்கு நடந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அங்கே பெரியம்மாவுக்குப் பக்கத்தில் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு பூண்டுக் கட்டைத் தொட்டு, "இது என்ன வெலண்ணே?" என்றார்.

அப்பா மடியிலிருந்து ரூபாய்களை எடுத்தார். நான் இரண்டு வாரமாகச் செலவழிக்காமல் திருப்பிக் கொடுத்தது முழுவதும், அந்த வாரச் சாமான் காசும் அதில் இருந்தது.

"காச உள்ள வையிடா" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணே. வாங்கத்தான் வந்தேன்."

"அன்னைக்கு ஏதோ கோவத்துல..."

"வெலையச் சொல்லுங்கண்ணே."

பெரியம்மா புருஷனை முழங்கையால் இடித்தாள். "குடுக்கட்டுங்க. வாங்கிக்கிருங்க."

பெரியப்பா வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் சொருகிக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய கட்டாக ஒன்றைத் தூக்கி அப்பாவின் தோளில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. சந்தை என்பதையும் மறந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"அப்பா, ரெண்டு பேருக்கு இது ஒரு வருசம் வரும்."

"அடியாத்தி, ஊமைக்குப் பேச்சு வந்துருச்சே" என்று பெரியம்மா சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு பேருன்னு ஆரு தாயி சொன்னது?" என்று கேட்டுவிட்டு, ஒழுங்காக அடுக்கியிருந்த கட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் பருப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் காசு இல்லை. வரும் வழியெல்லாம் நான் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா, "கெடக்கட்டும் விடு" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பூண்டைத் தோலோடு நசுக்கி ரசத்தில் போட்டார். எனக்குக் காரம் தலைக்கு ஏறியது. அவர் டம்ளர் டம்ளராக ஊற்றிக் குடித்தார்.

எனக்கு ஒரே ஆத்திரம். அம்மாவுக்குத்தான் பூண்டு போய்ச் சேர்ந்துவிட்டதே, அதுவும் காசில்லாமலே வந்துவிட்டதே, பிறகு எதற்கு இவ்வளவு காசைக் கொட்டி வாங்க வேண்டும்? பேரம்கூடப் பேசவில்லை. அந்தப் பெரியப்பாவும் கொஞ்சம்கூட யோசிக்காமல் சொந்தத் தம்பியிடம் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். அம்மா வந்ததும் முதல் வேலையாக இரண்டு பேரையும் பற்றி அவளிடம் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.