பேசாத இயந்திரமும் ஹலோ அக்காவும்

எண்டர் விசையைத் தட்டிவிட்டுத் தலையை இடப்பக்கம் ஒரு சாய்ப்பு சாய்க்கிறார். உதடு தானாக அசைகிறது: "ஹலோ." கணினித் திரைக்குக் காது கிடையாது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வெளியூர் அழைப்புகளைக் கயிறு செருகி இணைத்து, பேச்சு முடிந்ததும் கயிற்றை உருவிவிடும் டிரங்க் போர்டின் முன்னால், காதில் ஹெட்செட்டை மாட்டியபடி பாதி ஆயுளைக் கழித்த கழுத்து அது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்த பிறகும் நிமிர மாட்டேன் என்கிறது. தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு விழுந்த பெயர் ஹலோ அக்கா. சம்பளப் பட்டியலில் உள்ள பெயர் பலருக்கும் மறந்துவிட்டது.

சின்ன உருவம். நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உயரத்தைச் சரிக்கட்டிக்கொள்வார். கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கும். ஃபோன் செத்துப்போய்விட்டது என்று பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து யாராவது கத்தினால், "செத்துப்போச்சுன்னு ஏன் சார் வாய வைக்கிறீங்க? படுத்திருக்குன்னு சொல்லுங்க. ஆள் அனுப்பி எழுப்பிவிடறோம்" என்பார். கத்த வந்தவர் சிரித்துவிட்டு நம்பரைச் சொல்வார்.

முன்பெல்லாம் அந்த நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சுவரிலிருந்த பொந்து வழியாகக் கீழே, பழுது பார்க்கும் லைன்மேன்கள் அறைக்குத் தள்ளினால் போதும். பிறகு கீழ்த்தளத்தில் குளிர்சாதன அறை கட்டி, பீரோ கணக்காக ஓர் இயந்திரத்தை இறக்கினார்கள். அதிலிருந்து கம்பி இழுத்து மேசைக்கொரு திரை வைத்தார்கள். ஒரே இயந்திரத்தைப் பல பேர் ஒரே நேரத்தில் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதைப் பார்த்துக்கொள்ள ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உள்ளே இருக்கிறது என்று கணினி இன்ஜினியர் பாடம் எடுத்தார். அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி; சொல்லித் தருவதில் அலுக்காதவர். "ஒருத்தர் லைன இன்னொருத்தர் மேல விழாமப் பாத்துக்குதா? அதத்தான தம்பி நாங்க இத்தன நாளா கையால பண்ணிக்கிட்டிருந்தோம்!" என்றார் அக்கா.

கூடவே இருந்த மூன்று பேரும் ஒரே வாரத்தில் போர்டுக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அக்கா போகவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்பதால் வந்த ஒவ்வொரு புது வேலையும் அவரைத் தாண்டி அடுத்தவர் மடியில் விழுந்திருக்கிறது. மடியிலேயே வந்து விழுந்த முதல் வேலை இதுதான். "கண்ணு வலிக்குதுன்னு தினமும் புலம்பற. விட்டுத் தொலையேன்" என்றார் பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் கணவர். "தொலைக்கிறதுக்கா இவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்தேன்?" என்று அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

ஆனால் வேலை இடித்தது. புகார் எண்ணைத் தட்டி எண்டர் அழுத்தினால், லைன்மேன்கள் அறையிலுள்ள பிரிண்டரில் அது அச்சாகும். எண்ணில் பிழையிருந்தால் இயந்திரம் திட்டும். சரியாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாது. அடுத்த வரியில் வெறும் குறி ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். போர்டில் வளர்ந்தவருக்கு எதிர்முனையில் சத்தமில்லை என்றால் ஒரே அர்த்தம்தான்: லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிடு. அவரும் மறுபடி தட்டினார். இன்னொரு தடவையும் தட்டினார்.

அன்று மாலை, காகிதக் கற்றையோடு லைன்மேன் படியேறி வந்தார். "என்னக்கா இது? ஒரே வீட்டுக்கு மூணு நடை. கடைசியா அந்தம்மா கதவே தொறக்கல. ஜன்னல் வழியாக் கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க."

அக்கா சிரித்துவிட்டார். கற்றையின் அடியில் கிடந்த கடைசித் தாளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. பிரசவ மருத்துவமனை ஒன்றின் எண் அது. காலையில் வந்த புகார், ஒரே எண்ணின் நகல்களுக்கு அடியில் பொழுது சாயும்வரை நசுங்கிக் கிடந்திருக்கிறது. "நான் இப்பவே போறேன்க்கா" என்று லைன்மேன் இறங்கி ஓடினார். நல்லவேளையாக அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. லைன்மேன் திரும்பி வந்து அதைச் சொன்ன பிறகுதான் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் இன்ஜினியரைப் பிடித்துக்கொண்டார். "வேல முடிஞ்சா அது பேசாதுக்கா, தப்புன்னாத்தான் பேசும். அதோட குணமே அப்படி" என்றார் அவர்.

"எங்க மாமியார்னு சொல்லுங்க. கொழம்புல உப்பு கூடினாத் தெருவுக்கே கேக்கும். நல்லா இருந்தா சத்தமே வராது."

"அவங்கள எப்படிச் சமாளிச்சீங்க?"

"தட்டு காலியாச்சான்னு எட்டிப் பாப்பேன் தம்பி. இதுல தட்டு கீழ் ரூம்ல இல்ல இருக்கு!"

கட்டளைகளைக் கோத்துப் புதுக் கட்டளை செய்துகொள்ளலாம் என்று, இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் கையேட்டில் ஓரிடத்தில் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். புகாரைப் பதிவு செய், பிறகு ஒரு வார்த்தை பேசு. இரண்டே வரி. எழுதி முடித்து, பதிவு செய்யும் பழைய கட்டளையின் பெயரையே அதற்கும் வைத்தார். அங்கேதான் சறுக்கினார். பதிவு செய்யச் சொன்னால் அது தன்னையே கூப்பிட்டது. கூப்பிடப்பட்டது மறுபடி தன்னைக் கூப்பிட்டது. கட்டடத்திலிருந்த அத்தனை திரைகளும் உறைந்து நின்றன.

இன்ஜினியர் கையில் தேநீரோடு ஓடி வந்தார். "என்னக்கா பண்ணீங்க?"

"எனக்கு நானே ஃபோன் போட்டுக்கிட்டேன் போல."

பின்னாலேயே பிரிவு அதிகாரி வந்தார். "போதும்மா. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பழையபடி துண்டுச்சீட்டுதான். நீங்களும் போர்டுக்கே போயிடுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அக்கா எழுந்து நின்றார். எழுந்தாலும் அதிகாரியின் தோள் உயரம்தான். "மெஷின் என்னைய வேணாம்னு சொல்லட்டும் சார், போயிடறேன். அது இன்னும் வாயத் தொறக்கலையே."

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கட்டளைக்கு வேறு பெயர் வைத்தார்கள். "இப்ப எண்டர் தட்டினதும் பேசிடும்க்கா" என்று இன்ஜினியர் எழப் போனார். அக்கா விடவில்லை. "தட்டினதும் பேசக் கூடாது. எதிர்ல ஆள் எடுக்காம, பேசுங்கன்னு நான் யாருக்காவது சொல்லியிருக்கேனா? கீழ பேப்பர் வரணும். அப்புறம் சொல்லணும்."

"அது பெரிய வேலக்கா."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு. உக்காருங்க."

அச்சு முடிந்ததா என்று பார்க்கும் பகுதியை இன்ஜினியர் எழுதினார். மீதியை அக்கா எழுதினார். சோதித்துப் பார்க்கும்போது லைன்மேன் கீழேயிருந்து, "வந்திருச்சு!" என்று கத்துவார், மேலே திரையும் அதே நேரத்தில் பேச வேண்டும். முந்திக்கொண்டால் அழித்து எழுதினார்கள், பிந்தினாலும் அழித்து எழுதினார்கள். வியாழக்கிழமை மதியம் இரண்டும் ஒன்றாக வந்தன. தமிழ் எழுத்து தெரியாத அந்தத் திரை, ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பச்சை நிறத்தில் தமிழ் பேசியது: கேட்குது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து லைன்மேன் அறையில் கற்றையைப் புரட்டினார். ஒரே எண் இரண்டு தடவை எங்கேயும் இல்லை. மேலே வந்தவர் எதுவும் சொல்லாமல் தன் அறைக்குப் போனார். "பாத்தீங்களா தம்பி, இவரும் மாமியார் கட்சிதான்" என்றார் அக்கா.

போர்டுக்குப் போன மூவரில் இருவர் இப்போது திரும்பி வந்துவிட்டார்கள். அந்தக் கட்டளையை வேறு நிலையங்களும் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஹலோ அக்கா அதே புகார்ப் பிரிவில், ஜன்னலோர மேசையில், மடித்த துண்டின் மேல் உட்கார்ந்து வேலை பார்க்கிறார். எண்ணைத் தட்டுகிறார், தலையைச் சாய்க்கிறார், இரண்டு கைகளையும் விசைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக் காத்திருக்கிறார். திரையில் அந்த வார்த்தை வந்ததும் வலது கை மெல்ல எழுந்து, அங்கே இல்லாத போர்டிலிருந்து, இல்லாத கயிறு ஒன்றைச் சடக்கென்று உருவி விடுகிறது.